லினக்ஸ் சர்வர் உள்ளமைவுத் தானியக்கம்

லினக்ஸ் சர்வர் ஒன்றில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும், எந்தச் சேவை ஓட வேண்டும், எந்தக் கோப்பில் என்ன வரி இருக்க வேண்டும், எந்தப் பயனருக்கு என்ன அனுமதி என்பவற்றை எழுதிவைத்து, அவற்றை நிறைவேற்றிப் பராமரிக்கும் பொறுப்பை ஒரு நிரலிடம் விடுவது உள்ளமைவுத் தானியக்கம் எனப்படும். சிஎஃப்எஞ்சின், பப்பெட், செஃப், சால்ட், ஆன்சிபிள் ஆகியவை இதன் முதன்மைக் கருவிகள். செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்வதா, வந்து சேர வேண்டிய நிலையை மட்டும் சொல்வதா என்ற கேள்வி இத்துறையின் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

பின்னணி

1980-களில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் யூனிக்ஸ் கணினிகள் பெருகின. ஒரே கோப்பைப் பல கணினிகளுக்கு அனுப்ப ஆர்டிஸ்ட் போன்ற நிரல்கள் இருந்தன. மற்ற வேலைகளுக்கு நிர்வாகிகள் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினர். ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு குறைகள் இருந்தன. கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் ஸ்கிரிப்டை இரண்டு முறை ஓட்டினால் அந்த வரி இரண்டு முறை பதிந்துவிடும். பாதியில் நின்றுபோனால், எதுவரை முடிந்தது என்று ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் யூனிக்ஸ் வேறுபட்டதால், ஒவ்வொரு வகைக்கும் தனி நிபந்தனைகளும் எழுத வேண்டியிருந்தது.

சிஎஃப்எஞ்சின்

ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்கெஸ், தம் துறையின் பலவகை யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்க 1993-இல் சிஎஃப்எஞ்சினை எழுதினார். வேண்டிய நிலையை நிர்வாகி அறிவிப்பார். கணினியின் தற்போதைய நிலையை நிரல் அதனுடன் ஒப்பிடும். வேறுபாடு இருந்தால் திருத்தும், சரியாக இருந்தால் தொடாது. எத்தனை முறை ஓட்டினாலும் கணினி அதே நிலையில்தான் வந்து நிற்கும். பின்வந்த கருவிகள் எல்லாம் இந்தப் பண்பையே அடிப்படையாகக் கொண்டன. 1998-இல் வெளியிட்ட ஆய்வுரையில், கணினிகள் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பைப்போலத் தம்மைத் தாமே சீர்செய்துகொள்ள வேண்டும் என்று பர்கெஸ் வாதிட்டார். இதே காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பால் ஆண்டர்சன் எல்சிஎஃப்ஜி என்ற அமைப்பை உருவாக்கிவந்தார்.

2002-இல் ஸ்டீவ் ட்ரௌகாட், லான்ஸ் பிரவுன் இருவரும் மாற்றுக்கருத்து ஒன்றை முன்வைத்தனர். இரண்டு சர்வர்கள் ஒன்றுபோல் இருக்க வேண்டுமானால், மாற்றங்கள் இரண்டிலும் ஒரே வரிசையில் நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

பப்பெட், செஃப்

சிஎஃப்எஞ்சினில் பழகியிருந்த லூக் கேனிஸ் 2005-இல் பப்பெட்டை ரூபி மொழியில் எழுதினார். ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் ஒன்று இருக்கும். அது இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை மையச் சர்வரைத் தொடர்புகொண்டு, தனக்குரிய பட்டியலைப் பெற்று நிறைவேற்றும். எது எதைச் சார்ந்தது என்பதை நிர்வாகி குறித்துவிட்டால், செய்யும் வரிசையைப் பப்பெட்டே கணித்துக்கொண்டது. ஆடம் ஜேக்கப் குழுவினர் 2009-இல் வெளியிட்ட செஃப் இதற்கு எதிர்த்திசையில் சென்றது. அதில் உள்ளமைவு முழுக்க ரூபி நிரலாகவே எழுதப்படும். எழுதிய வரிசையிலேயே வேலை நடக்கும். 2015-இல் வந்த பப்பெட் 4, சார்பு குறிக்கப்படாத இடங்களில் எழுதிய வரிசையையே இயல்பாகப் பின்பற்றத் தொடங்கியது.

சர்வர்களை நிமிடங்களில் வாடகைக்கு எடுக்க முடிந்ததும் இக்கருவிகள் பரவக் காரணம். அமேசானின் ஈசி2 சேவை 2006-இல் தொடங்கியது. சர்வர்கள் வேகமாகப் பெருக, கையால் அமைப்பது கட்டுப்படியாகவில்லை.

சால்ட், ஆன்சிபிள்

தாமஸ் ஹாட்ச் 2011-இல் வெளியிட்ட சால்ட், ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் வேகத்தை முதன்மையாகக் கொண்டது. மைக்கேல் டிஹான் 2012-இல் வெளியிட்ட ஆன்சிபிளுக்கு ஏஜென்ட் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள எஸ்எஸ்ஹெச் இணைப்பும் எதிர்முனையில் பைத்தானும் போதும். பிளேபுக் எனப்படும் அதன் கோப்புகள் யாமல் வடிவில் இருப்பதால், நிரல் எழுதிப் பழகாத நிர்வாகிகளும் எளிதில் படித்துக்கொண்டனர். ரெட் ஹேட் 2015-இல் ஆன்சிபிளை வாங்கியது. 2020-இல் செஃப் புரோகிரஸ் நிறுவனத்துக்கும் சால்ட் விஎம்வேருக்கும், 2022-இல் பப்பெட் பெர்ஃபோர்ஸுக்கும் கைமாறின.

வரம்புகளும் மாற்று வழிகளும்

இக்கருவிகள் எழுதப்பட்டதை மட்டுமே கவனிக்கும். பிளேபுக்கிலிருந்து ஒரு மென்பொருளின் பெயரை நீக்கினால் சர்வரிலிருந்து அது நீங்காது. இருக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஓடும் சர்வரைத் திருத்துவதை விட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கிப் பழையதை அகற்றும் முறை, மென்பொருளைக் கண்டெய்னர் என்ற பொதியாக்கி ஓட்டும் டாக்கர் 2013-இல் வந்தபின் வலுப்பெற்றது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் வழிவந்த நிக்ஸ்ஓஎஸ், இயங்குதளம் முழுவதையும் ஒரே வரையறையிலிருந்து கட்டுகிறது. ஆனாலும் கண்டெய்னர்களைத் தாங்கும் சர்வர்களையும் நீண்டகாலம் ஓடும் தரவுத்தளச் சர்வர்களையும் அமைக்கப் பழைய கருவிகள் தொடர்ந்து பயன்படுகின்றன.

கற்பிக்கும் முறை

2019-இல் வெளிவந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-க்கான ஆர்எச்சிஇ சான்றிதழ்த் தேர்வு ஆன்சிபிளை மையமாக்கியது. அதன்பின், தானியக்கம் லினக்ஸ் நிர்வாகியின் அடிப்படைத் திறனாகவே கற்பிக்கப்படுகிறது. 2010-இல் வந்த வேக்ரன்ட் போன்ற கருவிகளைக் கொண்டு, சொந்தக் கணினியிலேயே மெய்நிகர் சர்வர்களை உருவாக்கி, உடைத்து, மீண்டும் உருவாக்கிப் பயிலலாம்.

தொடக்கநிலையினர் பழைய ஷெல் கட்டளைகளை அப்படியே பிளேபுக்கில் பொதிந்துவிடுவது வழக்கம். அவ்வாறு செய்தால், நடப்பு நிலை என்னவென்று கருவிக்குத் தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டளை மீண்டும் இயங்கி, மாற்றம் நடந்ததாகவே அறிக்கை வரும். மென்பொருள், கோப்பு, சேவை ஆகியவற்றுக்கென உள்ள தனி மாட்யூல்களைப் பயன்படுத்துவது, உள்ளமைவுக் கோப்பு மாறினால் மட்டுமே சேவையை மறுதொடக்கம் செய்வது, கோப்புகளைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் வைப்பது, கடவுச்சொற்களை மறையாக்கிச் சேமிப்பது ஆகியவை அடுத்தடுத்த பாடங்கள். பிளேபுக் சரியாக எழுதப்பட்டதா என்று அறிய, அதை இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்பார்கள்: மாற்றங்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும்.