தோள் வலியும் ஆப்பு வடிவக் கித்தாரும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிரியர் தின விழாவுக்காக ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குக் கித்தார் பழக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. கையில் இருந்ததோ பெரியவர்களுக்குரிய பெருங்கித்தார். அதன் மேல்விளிம்பைத் தாண்டிக் கையை நரம்புகளுக்குக் கொண்டுவர, அவள் வலத்தோளை உயர்த்தியவாறே இருந்தாள். "நேராக உட்காரம்மா" என்று நானும் திருத்தியவாறே இருந்தேன். மூன்றாம் வாரம், "தோள் வலிக்குது சார்" என்று சொல்லி நின்றுவிட்டாள். பிள்ளைக்கு ஆர்வம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டேன். பிழை அவளிடம் இல்லை என்பதை, இக்கருவியின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

யாழும் வீணையும்

நரம்புக் கருவிகளைச் செய்யும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்தர், கோடு, போர்வை என யாழின் உறுப்புகளைச் சங்க இலக்கியம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வழக்கொழிந்துபோன அக்கருவியை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது.

யாழ் மறைந்தாலும் வீணை நிலைத்தது. இன்றுள்ள 24 மெட்டுகள் கொண்ட வீணையின் அமைப்பை, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு இணைத்துக் கூறுவர். பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சுரைக்காயைக் கவனித்திருப்பீர்கள். தரையில் சம்மணமிட்டு அமர்பவரின் இடத்தொடைமேல் அது அமைந்து, நீண்ட தண்டியைத் தாங்குகிறது. அமர்பவரின் உடலை எண்ணிப் பார்த்த அமைப்பு அது.

நம் ஜொகூர் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. இங்கு வளர்ந்த மலாய் கசல் இசையில் கம்புஸ் என்னும் நரம்புக் கருவி, நம்மவர் நன்கறிந்த ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் சேர்ந்து ஒலிக்கிறது. பழைய வகைக் கம்புஸையும் பலா மரத்தைக் குடைந்தே செய்வர். தஞ்சைத் தச்சரும் மலாய்த் தச்சரும் ஒரே மரத்தை நாடியிருப்பது வியப்புக்குரியது.

கித்தார் பருத்த கதை

இன்றைய கித்தாரின் வடிவை நிலைநிறுத்தியவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). அவர் 1862இல் ஒரு சோதனை செய்தார். முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து, பக்கங்களையும் முதுகையும் அட்டையால் செய்தார். ஒலியின் உயிர் முகப்பலகையில்தான் இருக்கிறது என்பதை மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார்.

அமெரிக்காவிலோ வேறொரு தேவை எழுந்தது. பெரிய அரங்குகளில் கேட்கும் உரத்த ஒலியை மக்கள் விரும்பினர். 1916இல் மார்ட்டின் நிறுவனம் 'டிரெட்நாட்' என்னும் பெருவடிவக் கித்தாரைச் செய்தது. பிரிட்டனின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பெட்டி. ஒலி பெருகியது, வாசிப்பவரின் தோளும் முழங்கையும் அதற்கு விலை கொடுத்தன. என் மாணவியின் கையில் இருந்ததும் இந்த வகைதான்.

அப்பெட்டிகளுக்கான மரத்திலும் நமக்குத் தொடர்புண்டு. பிரேசில் நாட்டு மரம் அரிதானபோது, மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது.

1984: ஒரு பெண்ணின் விடை

கனடாவில் கித்தார் செய்பவர் லிண்டா மேன்சர். இசைக்கலைஞர் பேட் மெத்தேனி, இயன்ற அளவு மிகுதியான நரம்புகளைக் கொண்ட கருவி ஒன்றை அவரிடம் கேட்டார். 1984இல் உருவான அக்கருவிக்கு 42 நரம்புகள், பெயர் பிக்காசோ. அத்தனை பெரிய கருவியை ஒருவர் அணைத்து வாசிப்பது எப்படி? அதற்காக மேன்சர் கண்ட வழியே ஆப்பு வடிவம். வாசிப்பவரின் கை படியும் மேற்பக்கம் மெலிந்தும், தொடைமேல் அமரும் கீழ்ப்பக்கம் தடித்தும் இருக்கும்.

பெட்டியை மெலித்தால் ஒலி குன்றாதா என்று கேட்கலாம். இதற்கு விடை நம் கணிதப் பாடத்திலேயே உள்ளது. 40 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பெட்டியைக் குறுக்கே வெட்டினால், வெட்டுமுகம் ஒரு செவ்வகம். பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். மேற்பக்கத்தை 8 ஆகக் குறைத்து, கீழ்ப்பக்கத்தை 12 ஆகக் கூட்டுங்கள். இப்போது அது சரிவகம். 8ஐயும் 12ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 40ஆல் பெருக்கினால் அதே 400. உள்ளே அடங்கும் காற்றின் அளவு மாறவில்லை. முகப்பலகையின் அகலமும் குறையவில்லை. தோரெஸ் காட்டிய ஒலியின் உயிருக்கு ஊறு இல்லை. மாறியது ஆழத்தின் பங்கீடு மட்டுமே. கருவி சற்றே மேல்நோக்கிச் சாய்வதால், மெட்டுகளைக் காணக் கழுத்தை வளைக்கவும் வேண்டுவதில்லை.

செய்பவர்க்கு மட்டும் வேலை கூடுகிறது. வெந்நீராலும் சூட்டாலும் வளைக்கப்படும் மெல்லிய பக்கப்பலகைகள் இரண்டும் ஒரே அகலத்தில் இருக்க முடியாது. கழுத்தைத் தாங்கும் கட்டையையும் அடிக்கட்டையையும் சரிவாகச் செதுக்க வேண்டும். முதுகுப்பலகை அச்சரிவைத் தழுவிப் பொருந்த வேண்டும். செய்பவர் ஒருமுறை படும் சிரமம், வாசிப்பவரின் பல்லாண்டு வலியைப் போக்குகிறது. பிற்காலத்தில் வேறு பல கைவினைஞர்களும் இவ்வடிவை மேற்கொண்டனர்.

நமக்குரிய பாடம்

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக டிரெட்நாட் வாசித்தவர்களிடம் "உட்காரும் முறையைத் திருத்து" என்று சொன்னவர்கள் எத்தனை பேரோ! கருவியைத் திருத்தலாம் என்று எண்ணியவர் சிலரே. அந்த முதற்கூட்டத்தில் நானும் ஒருவன்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கித்தார் வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்க்குமுன், பிள்ளையைக் கருவியோடு உட்கார வைத்துப் பாருங்கள். தோள் உயர்ந்தால் அது பெரிய கருவி. அரை அளவிலும் முக்கால் அளவிலும் கித்தார்கள் கிடைக்கின்றன. ஆசிரியர்களே, கால் தரையில் எட்டாத நாற்காலி, இடக்கைப் பிள்ளைக்குத் தரப்படும் வலக்கைக் கத்தரிக்கோல் ஆகியவற்றையும் இதே கண்ணோடு பார்ப்போம்.

அம்மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அண்மையில் கோயிலில் கண்டபோது, "தப்பு உன்மேல் இல்லையம்மா, அந்தக் கித்தார் உனக்குப் பெரிது" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "அப்பவே சொன்னேனே சார்" என்றாள்.

ஆம், சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.