கொடியில் விட்டு வந்த உடுப்புகள்

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் உம்மா காலையில் கழுவிப் போட்ட உடுப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அந்தப் பதற்றத்தில் கொடியை யாரும் நினைக்கவில்லை. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர்.

உடுத்த உடுப்போடு புத்தளம் வந்தோம். வாப்பா இரண்டு தென்னைகளுக்கிடையில் கயிறு கட்டினார். உம்மா பிழிந்து தர, நாங்கள் உதறி விரித்தோம். காயும்வரை இரவல் சாரத்தோடு கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்தோம். மழை நாட்களில் ஈரத்தோடே உடுத்தோம்.

இன்று பிள்ளைகள் ட்ரையர் வாங்கலாம் என்கிறார்கள். வாங்கலாம்தான். ஆனால் காலையில் நாம் காயப் போட்டதை மாலையில் நாமே எடுத்து மடிக்கிறோமே, அது அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் எல்லோருமாகக் கொடியடிக்குப் போகிறோம். போகும்போது இந்தக் கதையையும் சொல்கிறோம்.