கணக்கில் வராத டீக்கன் ஜோன்ஸ்

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பதிவில் ஏறாத பழுது நடக்கவே இல்லை, அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, அமெரிக்கக் கால்பந்து பாதிதான் புரியும் என்றாலும் டீக்கன் ஜோன்ஸை மட்டும் விட முடியவில்லை.

பந்தை வீசப்போகும் குவார்ட்டர்பேக்கை, வீசுவதற்கு முன்பே அவருடைய கோட்டுக்குப் பின்னால் சாய்ப்பதற்குப் பெயர் ‘சாக்’. அந்தச் சொல்லைப் பரப்பியவரே ஜோன்ஸ்தான். ஒரு நகரைச் சூறையாடுவது மாதிரி என்று விளக்கமும் சொன்னார்.

1938இல் ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். கறுப்பின மக்கள் தாங்களே நிர்வகித்த ஊர். எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். நம்மில் சிலருக்கு அவர் வழியாகத்தான் அந்த ஊரே தெரியும். கல்லூரியில் சிவில் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதால் ஜோன்ஸின் உதவித்தொகை போச்சு. 1961இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை 14ஆவது சுற்றில், 186ஆவது ஆளாக எடுத்தது. இயற்பெயர் டேவிட். தொலைபேசிப் புத்தகத்தில் டேவிட் ஜோன்ஸ்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று ‘டீக்கன்’ என்று தானே பெயர் வைத்துக்கொண்டார்.

மெர்லின் ஓல்சன், ரோசி கிரியர், லமார் லண்டி ஆகியோருடன் சேர்ந்து அவர் நின்ற தடுப்பு வரிசை எல்லாரையும் நடுங்க வைத்தது. அவருடைய ஆயுதம் ஓர் அறை. எதிராளியின் தலைக்கவசத்தில் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார். அவன் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் தாண்டிப் போயிருப்பார். 1977இல் அதைத் தடை செய்தார்கள். சரியான தடைதான். அடி வாங்கியவர்களின் மூளையை நினைத்தால் என்னால் முழுசாக ரசிக்க முடியவில்லை.

14 பருவங்கள் ஆடி 1974இல் ஓய்வு பெற்றார். லீக் ‘சாக்’கைத் தனிநபர் கணக்காக எழுதத் தொடங்கியது 1982இல். ஆக, அந்தச் சொல்லைத் தந்தவருக்கு அதிகாரப்பூர்வக் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

ஆய்வாளர்கள் சிலர் பழைய ஆட்டப் பதிவுகளைத் தோண்டி ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அந்தக் கணக்கு 2021இல் ஒரு புள்ளிவிவரத் தளத்தில் வெளியானது. ஜோன்ஸுக்கு 173.5, வரலாற்றிலேயே மூன்றாம் இடம். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி, அந்த அரை அப்படி வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2013இலேயே இறந்துவிட்டார். லீக் இதை ஏற்கவும் இல்லை.

ஆனால் பருவந்தோறும் அதிக ‘சாக்’ எடுக்கும் வீரருக்கு அதே லீக் ஒரு விருது கொடுக்கிறது. விருதின் பெயர் டீக்கன் ஜோன்ஸ்.