விளக்கிலிருந்து வாணலிக்கு: அரியலூர் வட்டாரத்தின் எண்ணெய்

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரும் பெரம்பலூரும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. இந்தக் காட்டில் எள்ளும் ஆமணக்கும் நெடுங்காலம் விளைந்தாலும், எண்ணெய் வீட்டு அடுப்புக்குத் தாராளமாக வந்ததில்லை. கொழுப்புக்கு முதல் உரிமை கோயில் விளக்குக்கு இருந்தது. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பது மரபு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. பழுவூர், திருமழபாடி கோயில்களிலும் விளக்குக் கொடைகள் பதிவாகியுள்ளன. எண்ணெய் ஆட்டி விற்ற வணிகர் சங்கரப்பாடியார் எனப்பட்டனர். ஒரு விளக்குக்கு ஒரு மந்தையையே ஒதுக்க வேண்டியிருந்தது என்பது, அன்று கொழுப்பு எவ்வளவு அரிய பொருள் என்பதைக் காட்டுகிறது.

வீட்டுக்கு வந்த எண்ணெய் செக்கில் ஆட்டியது. உரலில் உலக்கை சுழல, மாடு நாள் முழுக்கச் சுற்றும். எள்ளோடு கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டுவார்கள். எவ்வளவு ஆட்டினாலும் பிண்ணாக்கில் நூற்றுக்குப் பத்து அளவுக்கு எண்ணெய் தங்கிவிடும். அது மாட்டுத் தீவனமாகிப் பாலாகவும் உழவுக்கு வலுவாகவும் திரும்பியது. ஏழை வீட்டில் எண்ணெய் என்றால் தாளிப்புக்கு ஒரு கரண்டி, வாரம் ஒரு முறை தலைக்கு. பண்டிகை வந்தால்தான் பலகாரம்.

இந்தப் பற்றாக்குறை உடலையும் பாதித்தது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் தருவது 4. ஆற்றல் மட்டும் கணக்கில்லை. லினோலிக் அமிலத்தை உடலால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்தே பெற வேண்டும் என்பதை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929-லும் 1930-லும் எலிகளைக் கொண்டு காட்டினர். நல்லெண்ணெயில் ஐந்தில் இரு பங்கு அதுவே. முருங்கைக்கீரையிலுள்ள கரோட்டின் குடலில் உறிஞ்சப்படவும் கூடவே சிறிது கொழுப்பு வேண்டும். இல்லையேல் கீரை தின்றும் பயன் குறைவு. 1935 முதல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய வாலஸ் அய்க்ராய்டு, தென்னிந்திய ஏழைகளின் சோற்றுணவில் பாலும் கொழுப்பும் வைட்டமின் ஏ-யும் குறைந்திருந்ததைப் பதிவு செய்தார். குழந்தைகளின் பார்வையைப் பறித்த கண்நோய் அதன் கொடிய விளைவு. அந்தத் தலைமுறைக்குக் கேடு செய்தது கொழுப்பின் மிகுதி அல்ல, அதன் இன்மை.

நிலைமையை மாற்றியவை இரண்டு. மண்ணெண்ணெய் வந்ததும் தாவர எண்ணெய் விளக்கிலிருந்து விடுபட்டது. இரண்டாவதாக, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பக்கத்துத் தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பெரும் ஏற்றுமதிப் பயிரானது. புதுச்சேரி வழியாகக் கப்பலேறி, பிரான்சின் மார்செய்யில் எண்ணெயும் சோப்பும் ஆனது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும், பின்னர் விருத்தாசலத்திலிருந்தும் வந்த ரகங்கள் மானாவாரி உழவருக்கு உதவின. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் மல்லாட்டை இன்றும் விளைகிறது.

1937-இல் டால்டா என்ற வனஸ்பதி சந்தைக்கு வந்தது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி நெய்போல் உறைய வைத்த கொழுப்பு அது. நெய்யில் அதைக் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் குறைந்தது நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்தால் நல்லெண்ணெய் சிவந்த நிறம் காட்டும். நெய்யில் அந்த நிறம் வந்தால் கலப்படம். நெய்யைக் காக்கும் அந்தச் சோதனை வனஸ்பதிக்குள் இருந்த ஆபத்தைக் காட்டவில்லை. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லைக் கூட்டி, நல்லதான எச்டிஎல்லைக் குறைக்கும் என்று 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆய்வு காட்டியது. அதற்குள் இரண்டு தலைமுறை அதைத் தின்றிருந்தது.

1990-களில் இறக்குமதி தளர்ந்ததும் பாமாயில் பெருகியது. 2007 முதல் தமிழக ரேஷன் கடைகளிலும் சிறப்புத் திட்டத்தில் கிடைத்தது. ஏழை வீட்டு வாணலி நிறைந்தது பெரிய ஆறுதல்; அதை இழிவாகப் பேசுவது நியாயமில்லை. ஆனால் பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றக்கூடியது. அதைக் குறைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றைச் சேர்த்தால் எல்டிஎல் இறங்கும். அந்த இடத்தை வெள்ளைச் சோறும் சர்க்கரையும் பிடித்தால் பயனில்லை. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. உழைப்பு குறைந்து, சோறும் எண்ணெயும் ஒருசேரக் கூடியபோதுதான் இங்கே வயிற்றுப் பருமனும் சர்க்கரை நோயும் பெருகின.

அண்மையில் மரச்செக்கு மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. வேதிக் கரைப்பான் தொடாத செக்கு நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் போன்ற பொருள்கள் அதிகம் தங்குகின்றன; எண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்காததற்கு அவை ஒரு காரணம். ஆயினும் செக்கு எண்ணெயும் கிராமுக்கு 9 கிலோகலோரிதான். சரியாகக் காயாத மல்லாட்டையில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஆலைச் சுத்திகரிப்பு அதைப் பெரிதும் நீக்கிவிடும், செக்கு நீக்காது. எனவே களத்தில் காயவைப்பதும், சொத்தைப் பருப்பைப் பொறுக்கித் தள்ளுவதும் செக்குக்காரரின் முதல் பொறுப்பு.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் டிரான்ஸ் கொழுப்பின் உச்ச அளவை 2021-இல் நூற்றுக்கு 3 ஆகவும் 2022-இல் 2 ஆகவும் குறைத்தது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. பேருந்து நிலையத்து பஜ்ஜிக் கடைக்கும் அது பொருந்தும்.