கால் ஊன்றும் ஆட்டம்

அப்பா விட்டுப்போன பெட்டியில் மூன்று இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கூடவே ஒரு கயிறு, அதன் நுனியில் காந்தம். குனியாமலே மண்ணில் கிடக்கும் குண்டைத் தூக்குவதற்கு அது. லப்போர்த் வீதியில் எங்கள் வீட்டைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'சொல்தா வீடு' என்றால் கைகாட்டுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சனோடு திரும்பியவர்களுக்குப் புதுச்சேரி வைத்த பெயர் அது. அல்ஜீரியாவில் இருந்து அப்பா கொண்டுவந்தவை ஒரு பதக்கமும், அந்த ஆட்டமும்தான். ஆட்டத்தின் பெயர் பெத்தாங்.

அப்பாவின் பார்க்கின்சன் நோய் முதலில் தெரிந்தது கையெழுத்தில். சொல்தாக்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் பிரான்சுக்குச் சான்று அனுப்ப வேண்டும். 2006-இல் அப்பா போட்ட கையெழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு வரிசையாகச் சுருங்கிவிட்டது. பிறகு வலது கட்டைவிரல் ஆடியது. பிறகு நிலைவாசலில் கால் ஒட்டிக்கொண்டது. நடையில் ஒழுங்காக வந்தவர், வாசற்படியைக் கண்டதும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவார். உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "பெரியவரே, பேசாம உக்காருங்க."

உட்காரவைப்பது பழைய வைத்தியம். 1817-இல் லண்டன் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்கத்தைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறே பேரின் கதை. அவர்களிலும் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். அதை அவர் 'நடுக்குவாதம்' என்றார். பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஜான் மார்த்தேன் சார்க்கோதான், இது வாதமே இல்லை, தசையில் பலம் இருக்கிறது என்று கண்டு, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார். பார்க்கின்சன் எழுதிய ஆறாம் ஆண்டில், 1823-இல், எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அது. சார்க்கோ பாடம் நடத்திய மொழியில்தான் இங்கேயும் பாடம் நடந்தது.

சார்க்கோவிடம் நோயாளிகள் ஒரு விசித்திரம் சொன்னார்கள். ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கி வந்தால் உடம்பு லேசாகிறதாம். அவர் சும்மா விடவில்லை. 1892-இல், குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து அதில் அவர்களை உட்காரவைத்தார். நூற்றிருபது ஆண்டு கழித்துச் சிகாகோவில் அதே மாதிரி நாற்காலியில் சோதித்தபோது, குலுங்காத நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் அதே அளவுதான் தேறியிருந்தார்கள். பாவம் சார்க்கோ. உடம்பு அசைய வேண்டும் என்பதுவரை சரியாகப் போனவர், ஆளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியை அசைத்தார்.

மருந்தின் கதையில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையில் இருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எந்த நோய்க்கு ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமின் குறைவதுதான் இந்த நோய் என்பது புலப்படவே இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

என் கண்ணில் 1967 ஒரு விசேஷமான வருடம். அந்த ஆண்டில்தான் நியூயார்க்கில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் லெவோடோபா அடங்கிய டோபாவை அதிக அளவில் கொடுத்து, கட்டிலில் கிடந்தவர்களை எழுந்து நடக்கவைத்தார். அதே ஆண்டில் ஹோன், யார் என்ற இரு மருத்துவர்கள் நோயை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். மூன்றாம் படியின் அடையாளம், உடம்பு சமநிலை தவறத் தொடங்குவது. மருத்துவர் பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்தால், நல்ல உடம்பு ஓரடி பின்வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மூன்றாம் படிக்காரர் வெட்டிய மரம்போல் மல்லாக்கச் சாய்வார். அதே ஆண்டில் பர்டன் மார்ட்டின் என்ற லண்டன் மருத்துவர் தன் புத்தகத்தில் இன்னொன்று காட்டினார். நடக்க முடியாமல் உறைந்து நிற்பவருக்கு முன்னால் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால், கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. மாத்திரை நடுக்கத்தையும் விறைப்பையும் தளர்த்தும். சமநிலைக்கு அவ்வளவாக உதவாது. நினைக்காமலே நடந்துகொண்டிருந்த உடம்பு, இனி நினைத்து நினைத்து நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கோடு உதவும், தாளம் உதவும், பயிற்சி உதவும். நாற்காலி உதவாது.

பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்து சொன்னதும் இதைத்தான். கால்களை அகட்டி நின்று எடையை இடமிருந்து வலத்துக்கு மாற்றுங்கள். நின்ற இடத்திலேயே சுழலாமல், வண்டி திரும்புவதுபோல் அகல வளைந்து திரும்புங்கள். பெரிய அடியாக வையுங்கள். பின்னால் ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும். கோடு விஷயத்தைக் கேட்டதும் அம்மா நடை முழுக்கக் கோலமாவில் கோடு இழுத்துவிட்டாள். "ஐயோ, மாவு வழுக்கும்மா, டேப் ஒட்டுங்க!" என்று அந்தப் பெண் பதறினாள். எண்ணிக்கொண்டே நடக்கச் சொன்னபோது அப்பா தமிழில் எண்ணவில்லை. "யூன், தெ. யூன், தெ." பட்டாளத்துக் கணக்கு. நிலைவாசல் தானாகத் திறந்ததுபோல் கால் தாண்டிப் போனது.

அப்பா பெத்தாங் திடலுக்குப் போக ஆசைப்பட்டார். எனக்குப் பயம். அப்போதுதான் அந்த ஆட்டம் பிறந்த கதையை அவர் சொன்னார். தென் பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊர், 1907 என்பார்கள். குண்டு எறிகிற பழைய ஆட்டத்தில் மூன்றடி ஓடிவந்து வீச வேண்டும். ஜூல் லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரருக்கு முடக்குவாதம், ஓட முடியவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதா என்று நண்பர்கள் திடலைச் சுருக்கி, வட்டம் கீறி, இரண்டு காலையும் ஊன்றியபடியே எறி என்று விதியை மாற்றினார்கள். 'ஊன்றிய கால்கள்' என்பதுதான் பெத்தாங் என்ற சொல்லுக்குப் பொருள். "ஓட முடியாதவனுக்காகப் பொறந்த ஆட்டம்டா இது. எனக்கு இல்லாம வேற யாருக்கு?"

வட்டத்தின் விட்டம் அரை மீட்டருக்கு மேல் போகாது. ஆறில் இருந்து பத்து மீட்டருக்குள் சின்ன மரக்குண்டு கிடக்கும். அதன் பக்கத்தில் உங்கள் இரும்புக் குண்டு போய் நிற்க வேண்டும். கை பின்னால் போகும்போது உடம்பு பின்சாயும், வீசும்போது முன்னால் போகும், ஆனால் கால் பெயரக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் அரைமணி நேரம் வாங்கிய வேலையை அப்பா அங்கே கேட்காமலே செய்தார். நான் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். காந்தக் கயிறு குனியும் ஆபத்தைக் குறைத்தது. திரும்புவதற்குத் திடல் அகலமாக இருந்தது. ஆட்டம் நோயைக் குணமாக்கியது என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை மண்ணில் விழவும் செய்தார். ஆனால் மாலை ஆறு மணிக்கு அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில் 1836-ஆம் ஆண்டுப் பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, யூன், தெ என்று எண்ணியபடி திரும்பி வருவோம்.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று, 1938-இல் திறந்த போர் நினைவிடத்தின் முன் சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் செருப்பு மாட்டவே பத்து நிமிடம் எடுப்பவர், அங்கே இசை தொடங்கியதும் விறைப்பாக நாலடி முன்வைத்தார். நகரவே முடியாதவர் சட்டென்று ஓடிவிடும் இந்த அதிசயத்தை 1921-இலேயே பாரிஸ் மருத்துவர் சூக் எழுதியிருந்தார் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அப்பா போன மறுவாரம் குண்டுகளோடு திடலுக்குப் போனேன். மண்ணில் ஒரு வட்டம் கிடந்தது. அவர் கைத்தடியால் கீறியதாக இருக்க முடியாது, எத்தனையோ ஆட்டம் நடந்திருக்கும். இருந்தாலும் காலை வைக்காமல் நின்றேன். அவருடைய கூட்டாளி வந்து, புது ஆட்டத்துக்கு முன் பழைய வட்டத்தை அழிக்க வேண்டும் என்ற விதிப்படி, செருப்புக் காலால் அதைத் தேய்த்தார். பக்கத்தில் இன்னொன்று கீறினார்.

"நில்லு தம்பி" என்றார். "காலை ஊனு."