நட்டுவாக்காலியும் செந்தேளும்

இலஞ்சி என்னும் சொல்லுக்குப் பொய்கை என்றும் மகிழமரம் என்றும் நிகண்டுகள் பொருள் தருகின்றன. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே குமரன் கோயிலைச் சுற்றி அமைந்த நம் ஊருக்கு இவ்விரண்டுமே பொருந்தும். ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் ஓடும் சுவரும் விறகடுக்கும் ஈரம் குடித்துக் கிடக்கும். இருட்டில் புறவாசலுக்குப் போகும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் தவறாமல் சொல்வது ஒன்றுண்டு: "பாத்துப் போ, நட்டுவாக்காலி கெடக்கும்." அந்தப் பெயரில் தொடங்கி, நம்மவர் தேளை அறிந்த வரலாற்றையும் அறியத் தவறிய வரலாற்றையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

தேளுக்குத் தமிழில் பெயர்கள் பல. நளி, தெறுக்கால், விருச்சிகம் என்று அவை நீளும். தெறுதல் என்பதற்குச் சுடுதல், வருத்துதல் என்று பொருள். ஆகவே தெறுக்கால் என்பது கொட்டு வாங்கியவன் வைத்த பெயர் எனலாம். நட்டுவாக்காலி அவ்வாறன்று. நண்டுவாய்க்காலி என்பதன் திரிபு அது என்று கருதுவோர் உண்டு. அவ்வாறாயின் அது வாலை விட்டுவிட்டு நண்டினுடையதைப் போன்ற முன்கவ்விகளைப் பார்த்த கண் வைத்த பெயராகும். சுருண்ட பூங்கொத்தைக் கண்டு ஒரு பூண்டுக்குத் தேள்கொடுக்கு என்று பெயரிட்டதும் இத்தகைய கண்ணே.

சிற்றுயிர்களை இங்ஙனம் கூர்ந்து பார்ப்பது இப்பகுதியினர்க்குப் புதிதன்று. பக்கத்து ஊரான மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், சிங்கியின் காலணிகளைக் கண்ட சிங்கன் சிலம்பை விரியன் என்றும் பாடகத்தை நாங்கூழ் என்றும் மயங்குவான். கேட்போர் அவ்வுயிர்களின் நெளிவையும் சுருளையும் கண்டு பழகியவர்களாக இருந்தாலன்றி அந்நகைச்சுவை எடுபடாது.

ஆயினும் கண் சரியாகப் பார்த்ததை அச்சம் தவறாகப் படித்துவிட்டது என்பதே நாம் சொல்ல வருவது. நட்டுவாக்காலி என்று நாம் அழைப்பது கறுத்துப் பருத்த காட்டுத்தேள். இவ்வகையில் மிகப் பெரியது இருபது சென்டிமீட்டரையும் கடந்து வளரும். பார்த்த அளவில் குலை நடுங்கும். கொட்டினால் வலிக்கும், ஆனால் ஆளைக் கொல்லுமளவு நஞ்சு அதற்கில்லை. இரையை நொறுக்க வலிய கவ்விகள் இருப்பதால் அது கொடுக்கை அதிகம் நம்பி வாழ்வதில்லை. செந்தேள் இதற்கு மாறானது. பெரும்பாலும் ஒரு விரல் நீளமே இருக்கும். கவ்விகள் மெலிந்தவை, வாலோ தடித்தது. கவ்வியில் இல்லாத வலிமை நஞ்சில் இருக்கிறது. கவ்வி பருத்திருந்தால் நஞ்சு மென்மை, கவ்வி மெலிந்து வால் தடித்திருந்தால் நஞ்சு கடுமை என்பது தேளினத்தில் பெரும்பாலும் பொருந்திவரும் விதி; விலக்குகளும் உண்டு. பெரியதைக் கண்டு ஓடிய நாம் சிறியதைச் செருப்பால் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

இந்தச் செந்தேளின் அறிவியற் பெயரில் நம் மொழியின் பெயரே ஒலிக்கிறது. லின்னேயசின் மாணவரான டென்மார்க்கு நாட்டுப் பூச்சியியலார் ஃபப்ரீசியஸ் 1798இல் இதனை விவரித்து 'தமுலுஸ்' என்று பெயரிட்டார். பேரினப் பெயர் பின்னர் பலமுறை மாறி இன்று ஹொட்டன்டோட்டா என்று நிற்கிறது. தமுலுஸ் மட்டும் மாறவில்லை. 1900இல் போக்காக் எழுதிய பிரித்தானிய இந்திய விலங்குத் தொகுதி நூலும், 1983இல் திக்காதரும் பஸ்தவாடேயும் எழுதிய நூலும் இந்நாட்டுத் தேள்களை வகைப்படுத்தின. 2020இல் லோரியாவும் பிரெண்டினியும் காட்டுத்தேள்களை மீண்டும் ஆராய்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய சிலவற்றுக்குச் சஹ்யாத்ரிமெட்ரஸ் என்னும் தனிப் பேரினத்தையே அமைத்தனர். பெயரிடும் பணி இவ்வாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கிறது. கொட்டுப்பட்டவனைக் காக்கும் வழி பிறக்கவோ 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை ஊருக்குத் துணை மந்திரமும் கைமருந்துமே. புளியங்கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூட்டோடு கடிவாயில் ஒட்டுவர்; வெங்காயத்தை அரைத்துப் பூசுவர்; வேப்பிலையால் தடவி விஷம் இறக்குவர். இவற்றை எள்ளுவது எளிது. அவை ஏன் நிலைத்தன என்று கேட்பதே பயனுடையது. தேள்கொட்டுகளில் மிகப் பெரும்பாலானவை வலியோடு நின்று, ஒரு நாளுக்குள் தாமே தணிந்துவிடுபவை. எனவே எந்த மந்திரமும் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத இடத்தில் விதியின் மேல் பழி விழும், மந்திரம் தப்பித்துக்கொள்ளும்.

நாம் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் அப்படியொரு பழி விழுந்தது. விறகெடுக்கப் போன ஏழு வயதுச் சிறுவனைச் சிறிய தேளொன்று கொட்டியது. பார்வை பார்த்தார்கள். சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்தது. விஷம் இறங்கிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு பையன் வாந்தியெடுத்தான். சட்டை நனைய வியர்த்தது; கைகால் சில்லிட்டன. "பயந்திருக்கான், தூங்கட்டும்" என்றார்கள். விடியுமுன் மூச்சுத் திணறி இறந்தான். தென்காசி ஒரு மணி நேர நடைத் தொலைவுதான்.

அன்று நடந்தது இன்னதென்று பல ஆண்டுகளுக்குப் பின்னரே நமக்கு விளங்கிற்று. செந்தேளின் நஞ்சு நரம்புகளிலுள்ள சோடிய வாயில்களை மூடவிடாமல் திறந்து வைக்கிறது. உடல் தன் அவசரச் சுரப்புகளையெல்லாம் ஒருங்கே கொட்டுகிறது. குருதிக்குழாய்கள் இறுகுகின்றன, இதயம் தளர்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. வாந்தி, பெருவியர்வை, சில்லிட்ட கைகால் ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். கடிவாயில் வலி மிகாதிருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. நம் தெரு நற்குறியாக எடுத்துக்கொண்டது அந்த வலியின் ஓய்வைத்தான்.

இக்குறிகளைத் தொகுத்து உலகுக்குச் சொன்னவர் ஒரு சிற்றூர் மருத்துவர். மகாராட்டிரத்தின் மஹாட் பகுதியில் 1976இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், செந்தேள் கொட்டியவர்கள் தம் கண்முன் இறப்பதைக் கண்டார். இரவெல்லாம் அவர்களருகே இருந்து குறித்து வைத்தவற்றை 1982இல் லான்செட் இதழில் வெளியிட்டார். இரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்டுவந்த பிரசோசின் என்னும் மலிவான மாத்திரை இறுகிய குழாய்களைத் தளர்த்தி உயிரைக் காப்பதையும் கண்டு, 1986இல் அதே இதழில் எழுதினார். நஞ்சு கடுமையாகத் தாக்கியவர்களில் பத்துக்கு மூவர் என்ற அளவில் நிகழ்ந்த இறப்பு, நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. மாத்திரையோடு நச்சுமுறி மருந்தும் சேர்ந்தால் நோயாளர் விரைவில் தேறுவதை, 70 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் காட்டியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகளுக்குப் பிரசோசினை முறைப்படி கொடுத்துக் கண்ட பயன் 2006இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத் தீபகற்பத்திலும் இதே செந்தேளின் கொட்டுகள் ஆராயப்பட்டு 2015இல் பதிவாயின. தமுலுஸ் என்னும் பெயர் கடலுக்கு அப்பாலுள்ள தமிழ் நிலத்துக்கும் பொருந்திப் போயிற்று. உலகில் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் பேரைத் தேள் கொட்டுவதாகவும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் 2008இல் வெளியான மதிப்பீடொன்று கூறுகிறது. இறப்போரில் குழந்தைகளே மிகுதி.

நம் முன்னோர் பார்க்கத் தெரியாதவர்களல்லர். கவ்வியைக் கண்டு பெயர் வைத்தவர்கள், கவ்வியையும் நஞ்சையும் இணைத்துப் பார்க்கும் ஓரடியை எடுத்து வைக்கவில்லை. அந்த ஓரடிக்கு, நோயாளியின் அருகே விழித்திருந்து குறிப்பெழுதும் ஒருவர் தேவைப்பட்டார். இலக்கியம் பயின்ற நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு என்று தோன்றுகிறது. "நட்டுவாக்காலி கெடக்கும்" என்று பிள்ளைகளை எச்சரிக்கும்போது, சிறிய செந்தேளையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கொட்டிய பின் வாந்தியோ வியர்வையோ கண்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்வை பார்க்கக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் அன்றிரவு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.