உதயகிரி வார்ப்படச் சாலையும் குழற்கொல்லரும்: தென் திருவிதாங்கூரில் ஒரு தொழிலின் நிலை

முன்னுரை

பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லை ஊர்களில் துப்பாக்கிக் குழலைச் செப்பனிடத் தக்க கொல்லரைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்வது திறன் பற்றிய வினா அன்று. கூலி பற்றிய வினாவும் அன்று. உரிமம் பற்றிய வினாவே. இவ்வூர்கள் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த புலியூர்க்குறிச்சியில் 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு பீரங்கி வார்த்தது. அத்தகைய மரபுடைய நிலப்பகுதியில் குழல்வேலை குடித்தொழிலாக ஏன் வேரூன்றவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் 'துப்பாக்கி', ஈழத்தமிழில் 'துவக்கு', மலையாளத்தில் 'தோக்கு' என வழங்கும் சொற்கள் துருக்கிய மூலத்தின என்பர். 'பீரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்பதனோடு தொடர்புடையது. கருவியின் பெயர் கடல்கடந்து வந்ததாயினும், அதன் இன்றியமையா உறுப்பைச் சுட்டும் 'குழல்' தமிழ்ச்சொல்லே. உலை, துருத்தி, சம்மட்டி ஆகியனவும் கொல்லர் முன்பே அறிந்தவை. புதுக்கருவி பழைய பட்டடைக்கு முற்றிலும் அயலானதன்று என்பதை இச்சொல்வழக்கு உணர்த்துகிறது.

உதயகிரியின் வார்ப்படம்

1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை வென்றது. சிறைப்பட்ட யூஸ்டாசியஸ் டி லனாய் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையின் பயிற்சியாளராகவும் தலைவராகவும் உயர்ந்தார். அவரது மேற்பார்வையில் உதயகிரிக் கோட்டை வலுப்படுத்தப்பட்டது. பீரங்கியும் குண்டும் வார்க்கும் சாலையும் அங்கு அமைந்தது. 1777இல் மறைந்த அவரது கல்லறை அக்கோட்டைக்குள் உள்ளது. அதன் எழுத்துகள் இலத்தீனிலும் தமிழிலும் அமைந்திருப்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது.

பீரங்கி வார்த்தலும் கைத்துப்பாக்கிக் குழல் செய்தலும் வெவ்வேறு தொழில்கள். முன்னது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது. பேருலை, மிகுந்த உலோகம், பலர் உழைப்பு ஆகியவற்றை வேண்டுவது. பின்னது இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, கம்பியொன்றின் மேல் வளைத்து, விளிம்புகள் ஒன்றுபடும்வரை அடித்து, உள்துளையைக் கடைந்து சீராக்குவது. ஒரு பட்டடையும் சில கைகளும் இதற்குப் போதும். ஆயின் ஒட்டு ஓரிடத்தில் பிழைத்தாலும் குழல் வெடித்துச் சுடுபவரையே ஊறுபடுத்தும். கருமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்து உட்சுவரை அரிப்பதால், பழங்குழல்களைச் செப்பனிடுவதும் இதே நுட்பத்தை வேண்டும். உதயகிரி வளர்த்தது முதல்வகைத் தொழிலை. அது அரசின் தேவையைச் சார்ந்தது.

முங்கேரும் உதயகிரியும்

1760களில் வங்க நவாபு மீர் காசிம் தம் தலைநகரைப் பீகாரின் முங்கேருக்கு மாற்றிப் படைக்கலச் சாலை நிறுவினார். அவரது ஆட்சி விரைவில் வீழ்ந்தது. ஆயினும் துப்பாக்கித் தொழில் முங்கேரில் கைவினைஞரிடம் நிலைத்து, பிற்காலத்தில் உரிமம் பெற்ற தொழிற்கூடங்களாகத் தொடர்ந்தது. அங்கு அரசு நீங்கிய பின்னும் வாங்குவோர் இருந்தனர்.

உதயகிரியின் நிலை வேறு. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி ஒடுக்கப்பட்டது. ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தபின் உதயகிரியும் ஆங்கிலேயர் வயமாயிற்று. திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. படையே வாங்குவோராக இருந்த தொழில், படையோடு ஒடுங்கியது எனக் கருதலாம்.

சட்டமும் எல்லையும்

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கி செய்வது மட்டுமன்றி, பழுதுபார்ப்பதற்கும் இச்சட்டம் உரிமம் வேண்டும் என்கிறது. குழலைக் குறுக்குவதைத் தனிப்பிரிவால் கட்டுப்படுத்துகிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்கு இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. எனினும் அதன் விளைவாகத் திறனும் உரிமையும் பிரிந்தன. அருகிலுள்ள கொல்லருக்குக் கைத்திறன் இருப்பினும் தொட உரிமையில்லை; உரிமம் பெற்றவரிடம் செல்லப் பயணமும் பொருளும் வேண்டும்.

1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. இப்பிரிவு துப்பாக்கியின் பயன்பாட்டிலும் வெளிப்படுகிறது. பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை உரிமம் பெற்றோரைக் கொண்டு சுட ஆணையிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. தமிழக அரசின் 2025ஆம் ஆண்டு ஆணையோ காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்கே இடமளித்தது. எனவே எல்லையின் மேற்கே உழவர் நலன் ஓரளவேனும் தனியார் துப்பாக்கியின் செம்மையைச் சார்ந்துள்ளது, கிழக்கே அவ்வாறில்லை.

முடிவுரை

தென் திருவிதாங்கூரில் குழல்வேலை நிலைக்காமைக்குக் கொல்லரின் திறனின்மை காரணமன்று. அரசு அத்தொழிலைக் கோட்டைக்குள் வளர்த்தது. தோல்வி அதைக் கோட்டையோடு முடித்தது. பின்வந்த சட்டம் சிற்றூர்ப் பட்டடைக்கு அதை மறுத்தது. தகுதியை ஆய்ந்து, பயிற்சியும் உரிமமும் தந்து, செப்பனிட்ட குழல்களைச் சோதிக்கும் ஏற்பாடு வட்டார அளவில் அமையுமாயின், பாதுகாப்பும் உழவர் தேவையும் ஒருங்கே நிறைவுறும். வார்ப்படச் சாலை இருந்த கோட்டை இன்று பல்லுயிர்ப் பூங்கா. அங்கு நிற்கும் ஈரெழுத்துக் கல்லறையே அத்தொழிற்காலத்தை நினைவூட்டுகிறது.